உள்ளூர்க்காரரை நம்பாத ஊர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கே: இடைக்கால இத்தாலியில் குவெல்ஃப் என்றால் போப் கட்சி, கிபெல்லின் என்றால் பேரரசர் கட்சி என்று படித்திருக்கிறோம். குவெல்ஃபான ஃபிளாரன்ஸ் கவிஞர் தாந்தேயை போப்பின் ஆதரவாளர்களே ஏன் ஊரைவிட்டுத் துரத்தினார்கள்?

ப: நீங்கள் படித்தது பாதிதான். பெயர்கள் ஜெர்மனியில் பிறந்தவை: ஒன்று வெல்ஃப் குடும்பத்தின் பெயர், மற்றது ஹோஹென்ஸ்டௌஃபன் வம்சத்தின் வைப்லிங்கன் கோட்டை. இத்தாலிய ஊர்களுக்குள் நுழைந்ததும் பங்காளிச் சண்டைக்கு இவை கொடிகளாகிவிட்டன. பக்கத்து ஊர் பேரரசர் பக்கமா, அப்படியென்றால் நாம் போப் பக்கம். 1260-ல் மோண்டபெர்ட்டியில் கிபெல்லின் சியேனாவிடம் குவெல்ஃப் ஃபிளாரன்ஸ் தோற்றது. 1266-ல் பெனவெண்டோ போரில் கிபெல்லின்களின் தலைவரான சிசிலி மன்னர் மான்ஃபிரட் இறந்தபின் காற்று திரும்பியது. பொது எதிரி போனதும் ஃபிளாரன்ஸ் குவெல்ஃபுகளே டொனாட்டி குடும்பத்தின் பின்னால் கறுப்பர், செர்க்கி குடும்பத்தின் பின்னால் வெள்ளையர் என்று பிரிந்தார்கள். கறுப்பர்களுக்கு போப் எட்டாம் போனிஃபேஸின் ஆதரவு இருந்தது. தாந்தே வெள்ளையர். 1302-ல் அவர் ஊர் நுழைந்தால் உயிரோடு எரிக்கவேண்டும் என்று தீர்ப்பானது.

கே: மதில் பற்கள் சதுரமாக இருந்தால் குவெல்ஃப் கோட்டை, மீன்வால்போல் பிளந்திருந்தால் கிபெல்லின் கோட்டையாமே?

ப: அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல பற்கள் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை.

கே: போதெஸ்தா யார்?

ப: இந்த இத்தாலிய ஊர்கள் கூலிக்கு அமர்த்திய வெளியூர் நிர்வாகி. உள்ளூர்க்காரர் நீதிபதியானால் மைத்துனனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வார் என்ற பயத்தில் பிறந்த பதவி இது. பதவிக்காலம் ஆறு மாதம் அல்லது ஓராண்டு. நீதிபதிகள், எழுத்தர்கள், காவலர்களைத் தன்னோடு அழைத்து வருவார். பல ஊர்களில் குடிமக்கள் வீட்டில் விருந்துண்ணக்கூட அவருக்குத் தடை. காலம் முடிந்ததும் உடனே கிளம்பிவிட முடியாது. கணக்கும் புகார்களும் விசாரிக்கப்படும்வரை ஊரிலேயே இருக்கவேண்டும்.

கே: வெனிஸ் தலைவரான டோஜேயைத் தேர்ந்தெடுக்கும் முறை ஏன் அவ்வளவு சிக்கலானது?

ப: விலைக்கு வாங்க முடியாதபடி சிக்கலாக்கினார்கள். 1268-ல் வந்த முறை 1797-ல் குடியரசு விழும்வரை நீடித்தது. வெனிஸின் ஆட்சி மன்றமான பெருமன்றத்தின் உறுப்பினர்களில் குலுக்கி 30 பேர். அவர்களைக் குலுக்கி 9 பேர். இந்த 9 பேர் வாக்களித்து 40 பேரைத் தேர்வார்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 7 வாக்கு வேண்டும். 40-ஐக் குலுக்கினால் 12. அவர்கள் தேர்வது 25. குலுக்கினால் 9. தேர்வது 45. குலுக்கினால் 11. அவர்கள் தேர்வது 41. டோஜேயைத் தேர்வது இந்த 41 பேர்தான். 25 வாக்கு கட்டாயம்.

குலுக்கலில் உருண்டை எடுப்பது ஒரு சிறுவன். கண்ணில் பட்ட பையனைத் தெருவிலிருந்தே கூட்டி வருவார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சீட்டு விழுந்தால் மற்ற உறவினர்கள் விலகவேண்டும். கடைசிச் சுற்றில் பெயர் வந்தவர் அந்த அறையிலேயே இருந்தால் வெளியே அனுப்பிவிட்டு அவர்மீதான ஆட்சேபங்களை அலசுவார்கள். பிறகு உள்ளே அழைத்துப் பதில் கேட்பார்கள். ஐந்து குலுக்கல், ஐந்து வாக்கெடுப்பு. யார் கையில் முடிவு வரும் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. லஞ்சம் கொடுக்க நினைப்பவன் யாரிடம் போவான்?

ஆனால் இது நேர்மையைக் காத்ததே தவிர சாமானியருக்கு இடம் தரவில்லை. 1297-க்குப் பின் பெருமன்றம் ஏறக்குறைய பிரபுக் குடும்பங்களின் சொத்தாகிவிட்டது. வென்றவர் கையிலும் அதிகாரம் குறைவுதான். பதவியேற்கையில் நீண்ட சத்தியப் பத்திரம் உண்டு. வெளிநாட்டுக் கடிதத்தை ஆலோசகர்கள் இல்லாமல் தனியே பிரிக்கக்கூடாது. இதை உடைத்துத் தானே ஆளச் சதி செய்த மரினோ ஃபாலியேரோவின் தலை 1355-ல் அரண்மனையிலேயே வெட்டப்பட்டது. பெருமன்ற மண்டபத்தில் டோஜேக்களின் உருவங்கள் வரிசையில் அவர் இடத்தில் கறுப்புத் துணி மட்டும் வரையப்பட்டிருக்கிறது.