கழுத்துக்குக் கனம் தெரியும்

வணக்கம் ஐயா,

எனக்குத் திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. சமீபத்தில் டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’, தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டுமே கணவன் மனைவிக்கு நடுவில் இருக்கும் ரகசியத்தைப் பற்றியவை என்று தோன்றியது. இதே மாதிரி நாவல்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா? இன்னொரு சந்தேகம். நானும் என் கணவரும் ஃபோன் பாஸ்வேர்டைக்கூட மறைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் பேசிவிடுகிற இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நாவல்களுக்கு இனி இடம் உண்டா? ‘அம்மா வந்தாள்’ தண்டபாணி மாதிரி ஒரு கையாலாகாத கணவரை இன்றைய வாசகர் எப்படி ஏற்றுக்கொள்வார்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

பட்டியல் தரமாட்டேன். பட்டியல் கேட்பவர்கள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள், புத்தகத்தைத் தொடமாட்டார்கள். நீங்கள் அப்படியில்லை என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாஸ்வேர்டு விஷயத்திலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பூட்டாத பீரோவில் யாரும் எதையும் ஒளித்துவைப்பதில்லை, அவ்வளவுதான்.

‘அன்னா கரீனினா’வை ரகசியத்தின் நாவல் என்கிறீர்கள். கொஞ்சம் அவசரமாகப் படித்துவிட்டீர்களோ? அன்னாவுக்கு ரகசியம் காக்கவே வராது. குதிரைப் பந்தயம் முடிந்து திரும்பும் வண்டியிலேயே கணவன் கரீனினிடம் தன் காதலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். வெளியே தெரியாமல் பார்த்துக்கொள் என்று கேட்பதெல்லாம் அவன்தான். அந்த நாவலில் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது அதில் வரும் இன்னொரு நாயகன் லெவினுடையது. கல்யாணத்துக்கு முன்பே தன் டயரிகளை, மணக்கப்போகும் கிட்டியின் கையில் கொடுத்துவிடுகிறான். கடவுள் நம்பிக்கை இல்லை என்று அவன் எழுதியிருந்தது அவளை அசைக்கவில்லை. மற்றதைப் படித்துவிட்டு அழுகிறாள்.

இது டால்ஸ்டாய் வீட்டில் நடந்ததேதான். 1862 செப்டம்பரில் அவருக்கு 34 வயது, மணக்கவிருந்த சோஃபியாவுக்கு 18. கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது தன் பழைய டயரிகளை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். சூதாட்டம், பெண்கள், தன் சொந்த எஸ்டேட்டில் இருந்த குடியானவப் பெண் ஒருத்தியோடு இருந்த தொடர்பு, எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெண்ணும் அவளுக்குப் பிறந்த பிள்ளையும் சோஃபியா வாழப்போன அதே இடத்தில்தான் இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு ‘ஆஹா, என்ன நேர்மை’ என்று உருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 34 வயது மனிதன் தன் மூட்டையை இறக்கி 18 வயதுப் பெண்ணின் தலையில் வைத்திருக்கிறான். இறக்கியவனுக்குத் தோள் லேசாகியிருக்கும். அவளால் அதை ஆயுள் முழுக்க இறக்கிவைக்க முடியவில்லை.

48 வருடம் கழித்து அதே வீட்டில் அதே கிழவர் ஒரு டயரி எழுதுகிறார். 1910 ஜூலை கடைசி. இது எனக்கு மட்டும் என்று தலைப்பிட்டு எழுதி, தன் பூட்ஸுக்குள் செருகி ஒளித்துவைக்கிறார். சோஃபியா அதையும் கண்டுபிடித்துவிடுகிறாள். கையில் கொடுத்த டயரியில் தொடங்கிய தாம்பத்தியம், பூட்ஸுக்குள் ஒளித்த டயரியில் வந்து நிற்கிறது. அக்டோபர் கடைசியில் ஓர் இரவு, படிக்கும் அறையில் அவள் காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டு எழுந்தவர், விடிவதற்குள் வீட்டைவிட்டே கிளம்பிவிட்டார். அஸ்தாபவோ ரயில் நிலையத்தில் செத்துப்போனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் கிழவரையும் கிழவியையுமே பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், போன வருடம் வரைக்கும். இப்போது என் கண் சாஷாவின் மேல் போகிறது. அவர்களுடைய மகள் அலெக்சாந்த்ரா, அப்போது 26 வயது. அந்த ஜூலையில் டால்ஸ்டாய் காட்டுக்குள் உட்கார்ந்து மனைவிக்குத் தெரியாமல் உயில் எழுதுகிறார். தன் எழுத்தின் உரிமை முழுவதையும் சாஷாவின் பெயருக்கு எழுதிவைக்கிறார். அப்பா வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மூட்டை கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். அடுத்த அறையில் அம்மா தூங்குகிறாள். அப்பாவின் ரகசியத்தை அம்மாவிடமிருந்து காப்பதே அந்தப் பெண்ணின் வேலையாகிப்போனது.

‘அம்மா வந்தாள்’ நாவலுக்கு வருகிறேன். இங்கேதான் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

தண்டபாணி கையாலாகாதவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கத்தவில்லை, அடிக்கவில்லை, மனைவியின் காதலன் சிவசுவின் சட்டையைப் பிடிக்கவில்லை, அதனாலா? 1966இல் அந்த நாவல் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். அன்றைக்குச் சொன்னவர்கள் ஆண்கள், மீசை துடித்தது. நீங்களும் அதே மீசையை ஒட்டிக்கொண்டு பேசுகிறீர்களே அம்மா. தண்டபாணிக்குத் தெரியும். கடைசிக் குழந்தைகள் யாருடையவர்கள் என்றுகூடத் தெரியும். தெரியும் என்பது மனைவி அலங்காரத்துக்கும் தெரியும். அப்புறம் அந்த வீட்டில் ரகசியம் என்று எதைச் சொல்வது? மறைப்பதற்கு எதுவுமே இல்லை. பேசுவதில்லை என்ற ஓர் ஒப்பந்தம்தான் இருக்கிறது. அதை நாள் தவறாமல் நிறைவேற்றுவது சோம்பேறிகளால் ஆகிற காரியமில்லை. ஒரு முறை கத்திவிட்டு இறங்கிப்போவது சுலபம். கத்தாமல் தினமும் அதே வீட்டில் சாப்பிட உட்கார்ந்து பாருங்கள்.

அதற்காக அவரை உத்தமர் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தது யார் என்று பாருங்கள். அவரும் கொடுக்கவில்லை, அலங்காரமும் கொடுக்கவில்லை. விவரம் தெரியாத வயதில் காவிரிக்கரைப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட அவர்கள் பிள்ளை அப்புதான் கொடுத்தான். பிள்ளை வேதம் படித்து ரிஷியாகிவிட்டால் அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் பொசுக்கிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? ஜப்பானிய எழுத்தாளர் தனிஸாகியின் ‘சாவி’ நாவலிலும் இதுதான். 1956இல் வந்தது. 56 வயதுப் பேராசிரியர் ஒரு டயரி எழுதுகிறார், 45 வயது மனைவியும் ஒன்று எழுதுகிறாள். டிராயர் சாவியைக் கண்ணில் படும்படி போட்டுவைக்கிறார் அவர். டேப் போட்டு ஒட்டிவைக்கிறாள் அவள். நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளமாட்டேன் என்று இரண்டு பேரும் ஆடுகிற ஆட்டம். படிக்கிறவர்கள் அந்த ஆட்டத்தின் சாமர்த்தியத்தில் மயங்கிவிடுவார்கள். அந்த வீட்டிலும் ஒரு மகள் உண்டு. கடைசியில் அம்மாவின் காதலனுக்கும் அவளுக்கும் ஊர் வாயை மூடுவதற்காக ஒரு கல்யாணம் என்று ஏற்பாடு ஆகிறது. போர்வையாக அவளை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள்.

போன வருடம் என் கண் ஏன் இந்தப் பக்கம் திரும்பியது என்பதைச் சொல்லாமல் நழுவினால் நியாயமாக இருக்காது.

என் அம்மாவுக்கு ஆறு பவுனில் இரட்டை வடச் சங்கிலி ஒன்று இருந்தது, பிறந்த வீட்டுச் சீர். 1983இல் ஒரு வழக்குச் செலவுக்காக அப்பா அதை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தார். மீட்க முடியவில்லை, முழுகிப்போனது. அதே டிசைனில் கவரிங் சங்கிலி வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். (இது மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதை என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். எனக்கும் தெரியும்.) இதெல்லாம் எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. அப்பா இறந்து பதினோரு வருடம், அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சங்கிலி அக்காவுக்கு வந்தது. மாற்றிப் புதிதாகச் செய்யலாம் என்று கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு காகிதத்தில் மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

பாவம், அம்மா கடைசிவரை ஏமாந்துபோனாளே என்று நாங்கள் இருவரும் அழுதோம். சித்திதான் சிரித்தாள்.

“கழுத்துல போட்டதும் கனம் தெரியாதாடா? உங்கம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்.”

உண்மைதான். அதே பருமனில் செம்பைச் செய்தால் தங்கத்தின் கனத்தில் பாதிதான் வரும். பத்து வருடம் போட்ட கழுத்துக்குத் தராசு வேண்டாம். வியர்வை பட்டுப்பட்டு முலாம் போய்விடும், செம்பு பல்லிளிக்கும், கழுத்தில் பச்சை பிடிக்கும். அதனால் அம்மா வருடா வருடம் மார்கழியில், மாயவரத்திலிருந்து ஆருத்ரா தரிசனத்துக்கு என்று சித்தியைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போவாள். சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். கோயிலுக்குப் போவதற்கு முன்னால் கவரிங் கடை. அங்கே முலாம் போடக் கொடுத்துவிட்டு, தரிசனம் முடிந்து வந்து வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். சங்கிலி மங்கினால் அப்பாவின் முகம் மங்கிவிடும். அதற்காக இருபத்தைந்து வருடத்துக்கு மேல்.

கோயில் குளம் என்றால் முதல் ஆளாகக் கிளம்புகிற அப்பா, ஆருத்ராவுக்கு மட்டும் ஒருமுறைகூடக் கூட வந்ததில்லை. பஸ் காசு போக ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுப்பார், வழியில் செலவுக்கு இருக்கட்டும் என்று. அவருக்கும் தெரிந்திருந்ததா? இதை இப்போது யாரிடம் போய்க் கேட்பது.

இங்கேயே நிறுத்தினால் நல்ல தம்பதிக் கதை. நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 1991இல் அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன நகையில் ஐந்து பவுன் குறைந்தது. அம்மாவின் சங்கிலியை அழித்துச் செய்தால் போதும் என்று அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு, “இது எங்க வீட்டுச் சீரு, நான் கழட்டமாட்டேன்” என்றாள். கூடம் முழுக்க முகம் சுளித்தது. நானும்தான். அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குறைந்த ஐந்து பவுனுக்காக அவள் புகுந்த வீட்டில் எத்தனை வருடம் பேச்சு வாங்கினாள் என்று நான் எழுதப்போவதில்லை. அவள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேச அவளுடைய இரண்டாவது பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

அம்மா ஒரு வார்த்தை அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அப்பாவை விட்டுக்கொடுத்ததாகிவிடும். புருஷனைக் காப்பாற்றினாள், பெண்ணைக் கொடுத்தாள். அம்மா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்த ரவிக்கையும் கைக்குட்டையும் நினைவுக்கு வந்தால் அதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

உங்கள் கேள்வி இந்த நாவல்களுக்கு இனி இடம் உண்டா என்பது, இல்லையா? உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். போன மார்கழியில் சிதம்பரம் போய்வந்தாளாம். சங்கிலி பளபளவென்று இருக்கிறதாம். எதற்கு என்று கேட்டேன்.

“உங்க அத்தான் அதை ஆறு பவுன்னு கணக்குல வெச்சிருக்கார்டா. இந்த வயசுல எதுக்கு அவரைக் கஷ்டப்படுத்தணும்?”

அத்தான் நான் எழுதுகிற எதையும் படிப்பவர் இல்லை. அந்த தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்.