இரண்டடித் தொட்டியும் பதினைந்து மீன்களும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் மியான்மரின் ஷான் மலைநாட்டு இன்லே ஏரி பற்றி நீங்கள் எழுதியிருந்ததில் அங்குள்ள சின்ன மீன்களைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன். மகளுக்காக (நான்காவது படிக்கிறாள்) ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கடையில் சொன்னபடி அன்றைக்கே தண்ணீர் நிரப்பி 2 தங்க மீன், 2 ஏஞ்சல், 10 நியான் டெட்ரா, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று ஒரு சக்கர் மீன், எல்லாவற்றையும் விட்டோம். பத்து நாளில் நியான் ஒன்றுகூட இல்லை. இப்போது மிச்சம் ஒரு தங்க மீன், ஒரு ஏஞ்சல், அந்தச் சக்கர். எங்கள் வீட்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான், கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது. கரண்டு நிலைமை உங்களுக்கே தெரியும். மகள் தினமும் அழுகிறாள். இன்லே மீன்களையே வாங்கி வளர்க்கலாமா? எத்தனை விடலாம்?

ஒரு வாசகர், பகோ

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உங்கள் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். இன்லே மீன் வேண்டாம். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நம் நாட்டு மீன்களில் அவ்வளவு அழகு வேறெதிலும் இல்லை என்பது என் கட்சி. உடம்பில் செதிலே இல்லாமல் வெள்ளித் தகடு போல மின்னும், ஆணுக்குத் தலையும் வால்நுனியும் சிவந்த ஒரு மீன் அந்த ஏரியில் இருக்கிறது. 1918-இல் அதை விவரித்த நெல்சன் அன்னண்டேல் அதற்கு ஷான் சிற்றரசர்களின் பட்டத்தையே, ‘சாவ்ப்வா’ என்று, பெயராக வைத்துவிட்டார். அப்புறம் 2006-இல் ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில் அகப்பட்ட முத்துப்புள்ளி டேனியோ. கருநீல உடம்பில் வெண்முத்துப் புள்ளிகள், சிவப்புத் துடுப்பு, வளர்ந்தாலும் ஓர் அங்குலத்தைத் தாண்டாது. வெளியுலகத்துக்குத் தெரிந்த சில மாதங்களிலேயே அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்து, இனமே அழிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். நல்ல வேளையாகப் பிறகு வேறு இடங்களிலும் இருப்பது தெரிந்தது.

உங்கள் கிணற்றுத் தண்ணீர் இந்த மீன்களுக்கு ஒத்துப்போகக்கூடியதுதான். இன்லேயைச் சுற்றி சுண்ணாம்புக்கல் மலை, அங்கேயும் தண்ணீர் கடினம், அதாவது சுண்ணாம்புச் சத்து அதிகம். சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. ஹோபோங் குட்டைகள் ஆயிரம் மீட்டருக்கு மேலே, தண்ணீர் 22, 24 டிகிரியில் இருக்கும் இடம். பகோவில் ஏப்ரல் மத்தியானம் உங்கள் தொட்டியில் ஒரு வெப்பமானியை விட்டுப் பாருங்கள், 31 காட்டினால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானே ஒரு டிசம்பரில் டவுஞ்சியிலிருந்து பாலிதீன் பையில் ஒரு டஜன் முத்துப்புள்ளிகளைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தை, மாசி எல்லாம் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தன. ஏப்ரலில் திஞ்சான் புத்தாண்டுத் தண்ணீர் விளையாட்டு முடிந்த வாரம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அந்தப் பாவம் முழுக்க என்னுடையது, மீன் விற்றவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, உங்கள் நியான்களுக்கு வருவோம். அவற்றைக் கொன்றது அநேகமாக அம்மோனியா. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் முதல் நாளே பதினைந்து மீனை விட்டுவிட்டீர்கள். வெயில் ஏற ஏற, தண்ணீரில் காரத்தன்மை கூடக் கூட, அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும். மூச்சுவிடக் காற்றும் குறையும்: 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போகும்.

எத்தனை மீன் என்று கேட்டீர்கள். ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் தண்ணீர் என்று கடைகளில் ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், அது நீளத்தை மட்டும் பார்க்கிற கணக்கு. நீளம் பத்து மடங்கானால் எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்காகும். பத்து ஓரங்குல மீனும் ஒரு பத்தங்குல மீனும் எப்படி ஒன்றாகும்? உங்கள் தொட்டி கணக்குக்கு 56 லிட்டர், மணலும் கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 45 லிட்டர்தான் தண்ணீர். கரண்டு நிற்காத ஊரில் அதில் ஒரு டஜன் சின்ன மீன் விடலாம். நமக்கு எட்டு. ஃபில்டர் ஐந்து மணிநேரம் நின்றால் எது தாங்குமோ அதுதான் நம் கணக்கு.

நானாக இருந்தால் ஆறு ஆண் கப்பி, ஒரு ஜோடி தேன் கௌராமி. கப்பிக்குக் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். பெண் கப்பி ஒன்றுகூட வேண்டாம். மாதம் ஒருமுறை இருபது முப்பது குட்டி போடும், ஆணே இல்லாவிட்டாலும் ஒருமுறை வாங்கிய விந்தைப் பல மாதம் வைத்திருந்து போட்டுக்கொண்டே இருக்கும். கௌராமிக்குச் செவுளோடு மேலே வந்து காற்றை நேராக விழுங்கும் உறுப்பும் உண்டு, அதனால் கரண்டு போனாலும் சமாளிக்கும். அதற்காக மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விடுங்கள். சண்டை மீனுக்கும் அந்த உறுப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். கப்பியின் நீள வாலைப் பார்த்தால் அது சும்மா இருக்காது, வைத்தால் தனியாகத்தான் வைக்க வேண்டும். (மழைக்காலத்தில் வயல் வாய்க்காலில் தலையில் வெள்ளிப் பொட்டோடு மேலாக நீந்தும் மீனை மகளோடு போய்ப் பிடித்து வரலாம், எந்தச் சூட்டையும் தாங்கும், கொசுப்புழுவைத் தின்னும். ஆனால் துள்ளும், மூடி இல்லாமல் வைக்காதீர்கள்.)

முதலில் மூன்று கப்பி மட்டும். இரண்டு வாரம் கழித்து மீதி மூன்று, கௌராமி கடைசியில். வாரம் ஒரு முறை ஒரு வாளி, பத்துப் பன்னிரண்டு லிட்டர் மாற்றினால் போதும். கிணற்றுத் தண்ணீரை முதல் நாளே பிடித்து ஏர் பம்ப் போட்டு வையுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழியாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கரண்டு போயிருக்கும்போது தீனி போடாதீர்கள். நெடுநேரம் போயிருந்தால், ஃபில்டரில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள், அது அழுகியிருக்கும்.

மிச்சமிருக்கிற மூன்றையும் வைத்துக்கொள்ள முடியாது. ஏஞ்சல் பெரிதானால் கப்பிகளை ஒவ்வொன்றாக விழுங்கும். தங்க மீன் ஓரடி வரை வளரும், குளிர்ந்த தண்ணீர் கேட்கும். வீட்டுப் பின்னால் நிழலில் சிமெண்டுத் தொட்டி இருந்தால் அதில் விடுங்கள். சக்கர் ஒன்றரையடி வளரும். பாவம் என்று பகோ ஆற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அது நம் ஊர் மீன் இல்லை, வேறு நாடுகளில் ஆற்றங்கரையைக் குடைந்து பெருகிக் கிடக்கிறது. பெரிய தொட்டி வைத்திருக்கிறவர் யாராவது கிடைக்கும்வரை வாளியில் வைத்து, சுரைக்காய்த் துண்டு போடுங்கள், தின்னும். ராத்திரியில் வாளியை மூடி வைக்க மறக்காதீர்கள்.