மின்சாரம் நிற்கும் நிமிடத்தை மனத்தில் வைத்துச் சம்ப் கட்டுங்கள்

வாசகர் கேள்விகள்: மீன்தொட்டி

கேள்வி: பல ஆண்டுகளாக நன்னீர் மீன்களை வளர்த்து வருகிறேன். இப்போது முதன்முறையாக மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைக்க விரும்புகிறேன். அதன் அடியில் சம்ப் ஒன்று அவசியம் என்று கடைக்காரர் சொல்கிறார். அது எந்த அளவில், எத்தனை அறைகளோடு இருக்க வேண்டும்? நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டு உரிமையாளர் இருக்கிறார். தண்ணீர் தரையில் கொட்டி அவர்கள் கூரையில் இறங்கிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியைத்தான் நான் முதல் வரியாக எடுத்துக்கொள்கிறேன். சம்ப் என்றதும் நம் ஊரில் வாசலுக்கடியில் குழாய்த் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தொட்டிதான் நினைவுக்கு வரும். கடல்நீர்த் தொட்டியின் சம்ப்பும் ஏறக்குறைய அதே உறவில் அமைந்ததுதான். மேல்தொட்டியில் நிறைந்து வழியும் நீர் குழாய் வழியே கீழே இறங்குகிறது. கீழே சுத்தமாகி, மோட்டார் வழியே மீண்டும் மேலே ஏறுகிறது. மொத்த நீரின் அளவு கூடுவதால் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறுவதில்லை. கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர் போன்ற கருவிகளும் கண்ணில் படாமல் அலமாரிக்குள் அடங்கிவிடும். ஆகவே கடைக்காரர் சொன்னது சரியே. ஆனால் பெரும்பாலோர் மோட்டார் ஓடும்போது சம்ப் எப்படி இருக்கும் என்பதை மட்டும் பார்த்து அளவைத் தீர்மானிக்கிறார்கள். மோட்டார் நிற்கும்போது எவ்வளவு நீர் கீழே இறங்கும் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

என் முதல் தொட்டியில் நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. மேலே நீர் திரும்பும் குழாயின் வாயைத் தொட்டியின் பாதி ஆழத்தில் வைத்திருந்தேன். அங்கிருந்து நீர் நன்றாகச் சுழலும் என்பது என் எண்ணம். ஒரு மே மாத இரவில் மின்சாரம் நின்றது. மின்விசிறி நின்றதால் விழித்தவன், அலமாரிக்குள் நீர் சொட்டும் ஓசையைக் கேட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது சம்ப்பின் விளிம்பெங்கும் நீர் மெல்லிய கண்ணாடித் தகடுபோல வழிந்துகொண்டிருந்தது. நின்றுபோன மோட்டாரின் வழியாகவே மேல்தொட்டி நீர் சைஃபனாக, அதாவது நீர் நிறைந்த குழாய் தானாகவே நீரை இழுக்கும் முறையில், கீழே இறங்கியிருக்கிறது. குழாயின் வாய் காற்றைத் தொடும்வரை அது நிற்காது. காலையில் தரை உலர்ந்த பிறகு, டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

உங்கள் அளவுகளுக்கே கணக்கிடுவோம். தொட்டியை 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்று கொண்டால், அதன் நீர்மட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 4 லிட்டருக்குச் சற்று அதிகம். திரும்பும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 2.5 செ.மீ. கீழே இருந்தால், மோட்டார் நின்றதும் சுமார் 10 லிட்டர் இறங்கும். மேல்தொட்டியில் வழியும் நீரை வாங்கிக் கீழே அனுப்பும் வழிபெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் நீரையும் சேர்த்து 14 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வாய் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால் இறங்குவது, குழாய் நீரையும் சேர்த்து, 65 லிட்டர்.

உங்கள் அலமாரிக்குள் அடங்கக்கூடிய சம்ப்பாக, உள்ளளவில் 75 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட ஒன்றை நான் பரிந்துரைக்கிறேன். விளிம்புவரை அதன் கொள்ளளவு 105 லிட்டர். ஓடும் நிலையில் சுமார் 56 லிட்டர் நீர் இருக்கும்படி அமைத்தால், ஏறத்தாழ 48 லிட்டர் இடம் காலியாக இருக்கும். 14 லிட்டர் அதில் அமைதியாக அடங்கிவிடும். 65 லிட்டர் அடங்காது. 17 லிட்டர் உங்கள் தரையில் நிற்கும், அதில் அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட உப்பு கரைந்திருக்கும். ஒரே சம்ப், ஒரே தொட்டி. குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பது ஒன்றே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. எனவே அந்த வாயை நீர்மட்டத்துக்கு அருகிலேயே வையுங்கள். சைஃபனை முறிப்பதற்காகக் குழாயில் சிறு துளை இடுவதும், ஒருவழி வால்வு பொருத்துவதும் கூடுதல் காவலே தவிர, அவற்றை நம்பிச் சம்ப்பைச் சிறிதாக்கக் கூடாது. துளையைப் பாசி அடைக்கும். வால்வின் நாக்கில் சுண்ணம் படிந்தால் அது முழுவதும் மூடாது.

இதற்கு எதிர்த் திசையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நீர் இறங்கும் குழாயை ஒரு நத்தையோ பாசிக் கொத்தோ அடைத்துவிட்டால், மோட்டார் தன் அறையில் உள்ள நீரை எல்லாம் மேலே ஏற்றித் தொட்டியை வழியச் செய்யும். ஆகையால் மோட்டார் அறை பெரிதாக இருக்கக் கூடாது. அதை 20 செ.மீ. நீளமாகவும் நீர்மட்டத்தை 20 செ.மீ. ஆகவும் வைத்தால், மோட்டார் காற்றை உறிஞ்சத் தொடங்கும் 7 செ.மீ. மட்டத்துக்குள் அது ஏற்றக்கூடிய நீர் 9 லிட்டர்தான். அது மேல்தொட்டியில் இரண்டேகால் சென்டிமீட்டர் உயர்வு. மேலே 3 செ.மீ. இடம் விட்டிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது.

அறைகளைப் பொறுத்தவரை, இணையப் படங்களில் காணும் ஐந்தறைச் சம்ப்பைத் தொடக்கத்திலேயே நாட வேண்டாம். உங்களுக்கு இரண்டு அறைகள் போதும். முதல் அறை 47 செ.மீ. நீளம். மேலிருந்து வரும் நீர் இங்கே 200 மைக்ரான் துணிப்பையில் விழும். அதையடுத்துப் புரோட்டீன் ஸ்கிம்மரும், பாக்டீரியா குடியேறுவதற்கான நுண்துளைப் பீங்கான் துண்டுகளும் இருக்கும். துணிப்பையை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றித் துவைத்தே ஆக வேண்டும். இல்லையெனில் அதில் தேங்கிய கழிவே அழுகி நைட்ரேட்டைக் கூட்டும். இரண்டு அறைகளுக்கும் இடையே மூன்று தடுப்புக் கண்ணாடிகளை 3 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, நீர் முதல் கண்ணாடியின் மேலாகவும் அடுத்ததன் கீழாகவும் மூன்றாவதன் மேலாகவும் செல்லும்படி அமைத்தால், ஸ்கிம்மர் கக்கும் நுண்குமிழிகள் அங்கேயே மேலெழுந்து மறையும். மேல்தொட்டி பனிமூட்டம் போலத் தோன்றாது.

முதல் தடுப்பின் உயரத்தை ஸ்கிம்மர்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்கிம்மர் எவ்வளவு ஆழ நீரில் நிற்க வேண்டும் என்று அதன் பெட்டியில் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த அறையின் நீர்மட்டம் மாறாமல் நின்றால்தான் கருவி சீராக நுரை தள்ளும்; ஆவியாதலால் ஏற்படும் குறைவு கடைசி அறையில் மட்டுமே தெரியும்படி தடுப்பு பார்த்துக்கொள்ளும். நான் மேலே போட்ட கணக்கு 22 செ.மீ. தடுப்புக்கு உரியது. எனவே முதலில் ஸ்கிம்மரை வாங்குங்கள், பிறகு கண்ணாடியை வெட்டச் சொல்லுங்கள். அதன் கழிவுக் கோப்பையை மேலே உருவி எடுக்க அலமாரியில் கைநுழையும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் அளந்துவிடுங்கள்.

கண்ணாடிகளை ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானைக் கேட்டு வாங்க வேண்டும். குளியலறைக்கென விற்கும் சிலிகானில் அம்மருந்து பெரும்பாலும் இருக்கும். அது மீன்களுக்கு ஆகாது. பித்தளை, செம்பு இணைப்புகள் எதுவும் நீரில் படக் கூடாது. இறாலும் நத்தையும் பவள உயிர்களும் சிறிதளவு செம்பையும் தாங்கமாட்டா. மேல்தொட்டியின் பின்புறக் கண்ணாடியில் துளையிட்டு வழிபெட்டி அமைப்பதே நல்லது. விளிம்பில் மாட்டும் சைஃபன் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை: மின்சாரம் போய்த் திரும்பும்போது அவற்றின் சைஃபன் மீண்டும் தொடங்காவிட்டால், மோட்டார் மட்டும் ஓடும். துளை இரண்டாக இருக்கட்டும். ஒன்று, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கேட் வால்வுடன், காற்றில்லாமல் நீர் நிறைந்து ஓடும் முழுநீர்க் குழாய், மற்றது எப்போதும் வறண்டு நின்று, முதலாவது அடைபடும்போது மட்டும் நீரை வாங்கும் அவசரக் குழாய். டெம்பர்டு கண்ணாடியில் துளையிட முயன்றால் அது பொடிப்பொடியாகிவிடும் என்பதால், தொட்டி செய்யச் சொல்லும்போதே துளைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மோட்டாரின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நீரை உயரத்துக்கு ஏற்றாத நிலையில் எடுத்த அளவு. உங்கள் தொட்டிக்கு மணிக்கு 600 முதல் 900 லிட்டர் வரை சம்ப் வழியே சென்றால் போதும். மிகுதிச் சுழற்சியை மேல்தொட்டிக்குள் வைக்கும் அலைமோட்டார் தரும். திரும்பும் குழாயின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 40 நொடிகளில் நிரம்பினால் அது மணிக்கு 900 லிட்டர்.

எல்லாம் பொருத்திய பிறகு உப்புக் கலக்காத வெறும் நீரை நிரப்பி ஓட்டுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். நீர் இறங்கி அடங்கியதும் சம்ப்பின் விளிம்புக்குக் குறைந்தது 5 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். மீண்டும் ஓடவிட்டு, மட்டம் நிலைத்ததும் மோட்டார் அறையின் வெளிப்புறத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் எக்காலத்திலும் நீர் ஊற்றக் கூடாது. அடுத்து, அருகில் நின்றுகொண்டே இறங்கும் குழாய்கள் இரண்டையும் துணியால் அடைத்து, மேல்தொட்டி வழிகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு சோதனைகளையும் பத்து முறையாவது செய்துவிட்டுப் பிறகு உப்பை வாங்குங்கள். கீழ் வீட்டாரின் கூரைக்கு இதைவிட நல்ல காவலை நான் அறியேன்.

மின்பலகையைச் சம்ப்புக்கு மேல்மட்டத்தில், அலமாரிக்கு வெளியே வைத்து, ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து ஏறும்படி விடுங்கள். வயர் வழியே வரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், தொட்டிக்கு முன் அதைப் பொருத்துங்கள்.

கேள்வி: சம்ப்புக்குள் போட எங்கள் ஊர்க் கருங்கல் துண்டுகள் ஏற்றவையா? ராமேஸ்வரத்திலிருந்து உறவினர் ஒருவர் பவளக்கல் கொண்டுவந்து தருவதாகவும் சொல்கிறார்.
– வாசகி, மேலூர்

பதில்: கருங்கல் நீரைக் கெடுக்காது; ஆனால் இறுகிய கல்லாதலால் பாக்டீரியா அதன் மேற்பரப்பில் மட்டுமே வாழும். துளைத்துளையான பீங்கான் துண்டுகள் அதே இடத்தில் பல மடங்கு பரப்பைத் தரும்.

பவளக்கல்லை அன்போடு மறுத்துவிடுங்கள், அம்மா. பாறை அமைக்கும் கடினப் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இடம்பெற்றுள்ளன. எடுப்பவர் மட்டுமல்லாமல் வைத்திருப்பவரும் வழக்கைச் சந்திக்க நேரும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. சுண்ணாம்புக்காக அந்தப் பவளங்களைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததன் காயம் இன்னும் ஆறவில்லை. ஒரு தொட்டியை அழகாக்க அதில் இன்னொரு கல்லைப் பெயர்க்க வேண்டுமா? மேல்தொட்டிக்கும், சுட்ட பீங்கானால் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. சில மாதங்களில் அவற்றிலும் இளஞ்சிவப்புப் பாசி படர்ந்துவிடும்.

கேள்வி: கோடையில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொடுகிறது. சில்லர் வாங்க வசதியில்லை. இன்வெர்ட்டரில் எதை இணைப்பது என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகர், திருமங்கலம்

பதில்: சம்ப்பின் நீர்ப்பரப்பில் படும்படி இரண்டு சிறு மின்விசிறிகளை வையுங்கள். மதுரைப் பக்கத்துக் கோடைக் காற்று கடலோரத்துக் காற்றைவிட வறண்டது. அதனால் நீர் வேகமாக ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். உங்கள் அறையே 38 டிகிரியில் கொதித்தால் விசிறி மட்டும் போதாது. அப்போது தொட்டியை வடக்குப் பார்த்த அறைக்கோ ஏ.சி. உள்ள அறைக்கோ மாற்றுவதே வழி.

குளிர்ச்சிக்கு ஈடாக நீரைக் கொடுக்க வேண்டியிருக்கும். நாளுக்கு 3 லிட்டர் ஆவியானால், மேலே திருநகர் வாசகருக்குச் சொன்ன மோட்டார் அறையில் நீர் மூன்றே நாளில் குறைந்து, மோட்டார் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நாட்களில்தான் இப்படி நடக்கும் என்பதால், மிதவையுடன் கூடிய தானியங்கி நீர்நிரப்பியைப் பொருத்திவிடுங்கள். ஈடுசெய்வது உப்பில்லாத நீராக இருக்க வேண்டும். ஆவியாவது நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்புநீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் அடர்த்தி 1.025ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். வீட்டு ஆர்.ஓ. நீரிலும் கரைபொருள் மிஞ்சியிருக்கும். அதன் பின், மிஞ்சியதை நீக்கும் டீ-அயனைசர் குழாய் ஒன்றை இணைத்து, கரைபொருளின் அளவான டி.டி.எஸ். பூஜ்யமாகும்வரை பாருங்கள்.

இன்வெர்ட்டரில் முதலிடம் மேல்தொட்டியின் அலைமோட்டாருக்கு; மீன்கள் அங்கேதான் மூச்சுவிடுகின்றன, நீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தாலே ஆக்சிஜன் கரையும். பேட்டரியில் மிச்சம் இருந்தால் சம்ப் மோட்டாருக்குக் கொடுங்கள். ஸ்கிம்மருக்கு வேண்டாம், ஓரிரு மணி நேரம் அது ஓய்ந்திருப்பதால் கேடு இல்லை. மின்சாரம் திரும்பியதும் அது சற்று நேரம் அளவுக்கு மீறி நுரை தள்ளக்கூடும். ஆகவே வெளியூர் போகும்போது அதன் கோப்பையைக் காலிசெய்துவிட்டுப் புறப்படுங்கள்.