பிறவியிலேயே சிலர் குற்றவாளிகளா? ஒருவரைக் குற்றம் செய்ய வைக்கும் மனக் காரணங்கள் என்ன?

இந்தக் கேள்வியை இரவு 2 மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். "சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்று அடியில் ஒரு வரி வேறு. மன்னிக்கவும், நான் நம்பவில்லை. 2017 ஆகஸ்ட் மாதம் இதே கேள்வியை இதே நேரத்தில் போனில் தட்டித் தட்டித் தேடியவள் நான். உங்கள் வீட்டில் தம்பியோ, மகனோ, அக்கா பையனோ யாரோ ஒருவன் மாட்டியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் சந்தோஷம்.

நான் மனநல மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பி 16 வயதில் செயின் பறிப்பு வழக்கில் பிடிபட்டான். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தப்பாக ஏதாவது சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள். ஆனால் "குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். செயினைப் பறிகொடுத்த அந்த அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவள் நான்.

முதலில் அந்தப் "பிறவியிலேயே" என்ற சொல். உங்கள் கேள்வியில் என்னைக் குத்தியது அதுதான்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஸ்டேஷனில் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் என்று அப்பா சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திப் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து, "அதான பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான், மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வார்த்தைகூட இல்லாத அந்தப் பேச்சை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஏன் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். எங்கள் பக்கம் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். எந்தச் சாதியில் பிறந்தாய் என்பதை வைத்தே ஒருவனைக் குற்றவாளியாகப் பதிவு செய்து ரேகை உருட்டச் சொன்ன சட்டம். அதற்கு மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ஜனங்களைச் சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். எங்கள் அப்பத்தா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்ளும். அந்தச் சட்டம் வந்த காலத்தில்தான், 1876இல், இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் தாடையையும் காதையும் பார்த்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதினார். பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்பவர் 3,000 கைதிகளுக்கு மேல் உடம்பை அளந்து பார்த்து, அப்படித் தனியாக ஒரு ரகமே கிடையாது என்று 1913இல் காட்டினார். சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் போனது 1947இல். ஆனால் 2017இல் அந்த மேஜையில் அது உயிரோடுதான் இருந்தது. என் தம்பி வண்டி ஓட்டினான். செயினைக் கையால் இழுத்தவன் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொருவன், திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுடைய ஊரைக் கேட்டு யாரும் "அதான பார்த்தேன்" சொல்லவில்லை.

பிறவிக்குப் பங்கே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. நியூசிலாந்தில் டனீடன் என்ற ஊரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து விடாமல் கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் வேலை செய்த டெரி மாஃபிட் 1993இல் ஒன்று சொன்னார். சின்ன வயதிலேயே அடிதடி, பொய், திருட்டு என்று ஆரம்பித்துப் பெரியவரான பிறகும் விடாதவர்கள் ஒரு சிறு கூட்டம். விடலைப் பருவத்தில் மட்டும் தடம்புரண்டு, பிறகு தானாகவே நிறுத்திவிடுகிறவர்கள் பெரிய கூட்டம். அந்தச் சிறு கூட்டத்திலும் மூளையில் இருக்கும் குறை மட்டும் போதாது, அதைத் தாங்க முடியாத வீடும் சேர்ந்தால்தான் முற்றுகிறது என்கிறார். உங்கள் பையன் எதில் சேர்த்தி என்று இந்த ராத்திரியில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். எட்டு வயதில் எப்படி இருந்தான் என்று யோசியுங்கள். என் தம்பி எட்டு வயதில் கோழிக்குஞ்சு செத்ததற்கு ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவன்.

சரி, எங்கள் வீடு. அப்பா ஓவர்லாக் டெய்லர். சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை ராத்திரி குடி, அப்புறம் பெல்ட். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றான பிறகு வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. பெல்ட் மட்டும் குறையவில்லை. "அடிதான் காரணமா" என்று கேட்பீர்கள். கேத்தி விடோம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. சிறுவயதில் வதைபட்ட, கவனிப்பாரற்று வளர்ந்த பிள்ளைகளில் 100க்கு 26 பேர் 18 வயதுக்குள் கைதாகியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்காத பிள்ளைகளில் 100க்கு 17 பேர். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் மிச்சம் 74 பேர் அந்த வயதுக்குள் கைதாகவே இல்லை, அதையும் பாருங்கள். அதே பெல்ட்டில் நானும்தான் வாங்கினேன். எனக்கு ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் இருந்தார், சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்து படிப்பேன். தம்பிக்கு அப்படிப் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது ஒரு மெக்கானிக் ஷெட்டில்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகி அந்த ஷெட்டில்தான் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே வந்துபோகும் 22 வயதுக்காரன் ஒருவன் தன்னுடைய பல்சரை இவனிடம் ஓட்டக் கொடுத்தான். "உன்ன மாதிரி வண்டி ஓட்ட இந்த ஊர்ல ஆளில்லடா" என்று சொன்னானாம். இதைச் சொல்லும்போது, வழக்கில் மாட்டிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் உட்கார்ந்திருந்த நிலையிலும் தம்பி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு வருஷத்தில் எங்கள் வீட்டில் அவனை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

2005இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இருவர் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஓட்டும்போது ஓரளவு அடக்கமாகத்தான் ஓட்டினார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது மோதினாலும் பரவாயில்லை என்று ஓட்டினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் யார் பார்த்தாலும் பெரிய மாற்றமில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பல்சர்தான் கண்ணில் வந்தது. தனியாக இருந்திருந்தால் என் தம்பி ஒரு மிட்டாய்கூட எடுத்திருக்க மாட்டான். பின்னால் ஒருவன் உட்கார்ந்து "போடா போடா" என்றபோது வண்டியைத் திருப்பினான்.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். விஷயம் தெரிந்த நாலாம் நாள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். சரி, அவர் பயம் அவருக்கு. ஆனால் 40,000 ரூபாய் அட்வான்ஸில் பெயிண்ட் அடிக்க, குழாய் மாற்ற, அது இது என்று 25,000 பிடித்துக்கொண்டார். ஆறு வருஷமாக அடிக்காத பெயிண்ட்! 3,500 ரூபாய் வாடகைக்கு 40,000 அட்வான்ஸ் என்பதே அநியாயம்.   நாங்கள் வக்கீலுக்கு வைத்திருந்த பணம் அது. அவர் எடுத்ததும் பிடுங்கியதுதான், ஆனால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

தம்பி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

"நான் வண்டி மட்டும்தான்க்கா ஓட்டுனேன். கையே வைக்கல."

"அவங்க வசதியானவங்கதான். திரும்ப வாங்கிக்குவாங்க."

"போலீஸ்காரங்க மட்டும் யோக்கியமா?"

"அண்ணன் கூப்பிட்டா எப்படிக்கா போகாம இருக்க?"

1957இல் சைக்ஸ், மாட்ஸா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இளம் குற்றவாளிகள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். நான் பொறுப்பில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, அவர்களுக்கு இது வேண்டியதுதான், என்னைக் கேட்க நீ யார், என் ஆட்களுக்காகச் செய்தேன். அமெரிக்காவில் அறுபது வருஷத்துக்கு முன் எழுதியதை என் தம்பி கூர்நோக்கு இல்லத்தில் உட்கார்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். இதில் அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம் வேறு. இந்தச் சமாதானங்கள் மாட்டிக்கொண்ட பிறகு வருபவை என்றுதான் நாம் நினைக்கிறோம். செய்வதற்கு முன்னாலேயே மனதில் தயாராகிவிடுகின்றன என்கிறார்கள். தப்பு என்று தெரிந்த பையனுக்குத்தானே சமாதானம் தேவைப்படுகிறது? எதுவும் உறைக்காதவனுக்கு அது எதற்கு? இந்த ஒரு இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த அம்மாவைப் பார்க்கப் போகாதே என்று வக்கீல் சொன்னார். போனேன். 60 வயதுக்கு மேல் இருக்கும். விடிகாலை பால் வாங்கப் போனபோது நடந்தது. தாலிக்கொடி பாதி அறுந்து அந்த அம்மாவின் கையோடு நின்றதாம். விழுந்ததில் வலது முழங்கையில் மாவுக்கட்டு. கழுத்தில் இடது பக்கம், காதுக்குக் கீழிருந்து தொண்டைக்குழி வரை சூடு இழுத்தது மாதிரி ஒரு கோடு. ஓரமெல்லாம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொடி போனாப் போகுது கண்ணு. பின்னால வண்டிச் சத்தம் கேட்டா இப்பெல்லாம் நடக்கவே வர மாட்டேங்குது, நின்னுக்கறேன்" என்றார். தண்ணீர் கொடுத்தார். இடது கையால்.

அடுத்த முறை தம்பியைப் பார்த்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, மாவுக்கட்டு, வண்டிச் சத்தம். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டான்.

"என்னது எந்தப் பக்கம்?"

"கழுத்துல. கோடு."

இடது பக்கம் என்றேன். தன் கழுத்தில் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டான். அன்று நான் கிளம்பும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு "வண்டி மட்டும்தான் ஓட்டினேன்" என்ற பேச்சை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அப்பா செய்தது வேறு. "நீ எனக்குப் பொறக்கல" என்று ஒரே ஒரு முறை வந்து கத்திவிட்டுப் போனார். ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் சிறைக் கைதிகளை வெளியே வந்த பிறகும் தொடர்ந்து ஆராய்ந்து 2014இல் எழுதியது பிறகுதான் கிடைத்தது. "நான் செய்தது தப்பு" என்று வருந்துகிறவர்கள் மறுபடி குற்றத்துக்குப் போவது குறைகிறது. "நானே கேவலமானவன்" என்று கூசிப்போகிறவர்களில் பலர் பழியை அடுத்தவர் மேல் தள்ளுகிறார்கள், தள்ளுகிறவர்கள் மறுபடி போகிறார்கள். அப்பா கத்திய அன்று தம்பி அங்கே இன்னொரு பையனின் சட்டையைப் பிடித்து அடித்திருக்கிறான். எங்களுக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

மனக் காரணங்கள் என்று கேட்டதால் மனநோய் பற்றியும் ஒரு வார்த்தை. கொலைச் செய்தி என்றாலே "சைக்கோ" என்று போடுவதை நிறுத்தினால் போதும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் சித்தி எறும்பைக்கூடப் பார்த்துத்தான் மிதிக்காமல் நடப்பார். அதற்கு மேல் எனக்கு அனுபவமில்லை.

"உன் அம்மா கழுத்தில் அறுத்திருந்தால் இப்படி எழுதுவாயா" என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். எழுதியிருக்க மாட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மா மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அவர் மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை.

இனி உங்களுக்கு. பையன் 18 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அந்தக் குழுமத்துக்காக நன்னடத்தை அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுதுவார். அப்பா என்ன வேலை, குடிப் பழக்கம் உண்டா, வீட்டில் சண்டை உண்டா, பையன் ஏன் பள்ளியை நிறுத்தினான் என்று வரிசையாகக் கேட்பார். எங்கள் வீட்டுக்கு வந்த மேடத்திடம் அம்மா எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நல்ல குடும்பம்" என்றே சொன்னது. மானம் போய்விடும் என்று பயம். நல்ல குடும்பம், நல்ல அப்பா, அப்புறமும் பையன் திருடினான் என்றால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? எல்லாக் குறையும் அவன் ஒருவனுடையது என்றுதான்.

மேடம் தெருமுனை போகும்வரை பொறுத்திருந்துவிட்டு நான் பின்னால் ஓடினேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, பையைத் திறந்து அந்தத் தாளை மறுபடி எடுத்தார். முதல் கேள்வியிலிருந்து சொன்னேன். பெல்ட்டைப் பற்றிச் சொன்னபோது எழுதுவதை நிறுத்தி, "உன்னையுமா?" என்று கேட்டார்.