ஜல்லியை நீக்கினால் மாதிரிக் கான்கிரீட் ஆகிவிடுமா?

கேள்வி: 230 × 450 மி.மீ. கான்கிரீட் பீமைப் பத்தில் ஒரு பங்கு மாதிரியாக வார்த்து, உடையும்வரை சோதிக்க வேண்டும். எம்20 என்னும் வலிமைத் தரத்துக்குரிய 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஜல்லியை விட்டுவிட்டு, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலைச் சேர்த்தால் போதுமா? – பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை

போதாது. ஜல்லியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1:1.5. சிமெண்ட் மிகுந்த அந்தக் காரை எம்20-ஐ வெகுவாகத் தாண்டிவிடும். காயும்போது சுருங்கி விரிசலும் விடும். 20 மி.மீ. ஜல்லி செய்த வேலையை மாதிரியில் 2 மி.மீ. குருணை செய்தாக வேண்டும்.

தேரி மணலில் அந்தக் குருணை கிடையாது. காற்று அள்ளிக் குவித்த மணல் அது. துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் நடுவே வெற்றிடம் மிகும். அதை நிரப்பச் சிமெண்டும் நீரும் கூடுதலாகத் தேவைப்படும். செம்மண் தூளும் கூடவே வரும். கடற்கரை மணலும் வேண்டாம், அதன் உப்பு மெல்லிய கம்பியை விரைவில் அரித்துவிடும்.

கழுவிய எம்-சாண்ட் வாங்குங்கள். 2.36 மி.மீ. சல்லடையில் தங்குவதையும், 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூளையும் ஒதுக்குங்கள். மீதியை 1.18 மி.மீ., 600, 300 மைக்ரான் சல்லடைகளால் பிரித்து, தனித்தனியே எடைபோட்டுச் சேருங்கள். பருங்குருணை மிகுந்திருக்கட்டும். எல்லா வார்ப்புக்கும் ஒரே பங்கீடு இருக்க வேண்டும். இதில் அலுப்புப் பார்த்தால் பிறகு வரும் எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

ஜல்லியைப் பத்தால் வகுக்கலாம், சிமெண்ட் துகளை வகுக்க முடியாது. ஆகவே விகிதத்தை வார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடையில் ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு குருணை என்று தொடங்குங்கள். நீர்–சிமெண்ட் விகிதத்தை 0.6, 0.7, 0.8 என மாற்றி மூன்று கலவை செய்யுங்கள். எம்20-க்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் 0.55 என்ற வரம்பைக் கண்டு தயங்க வேண்டாம். அது கட்டடம் நீடித்து உழைப்பதற்கானது, ஆய்வகத்தில் உடைக்கப்போகும் மாதிரிக்கு அது தேவையில்லை.

வலிமையைப் பார்க்க வழக்கமான 150 மி.மீ. கனசதுரம் உதவாது. வார்ப்பு சிறிதானால் வலிமை கூடித் தெரியும். அதனால் சோதனை வார்ப்பும் மாதிரிப் பீமைப் போலச் சிறிதாக இருக்க வேண்டும்; 50 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட உருளைகளை, பி.வி.சி. குழாயை நறுக்கியே வார்க்கலாம். சிலவற்றைப் படுக்கவைத்துப் பிளந்து இழுவலிமையையும் பாருங்கள். மாதிரிக் கான்கிரீட்டில் அது சற்று மிகுந்திருக்கும். முதல் விரிசல் தாமதமாக வருவதற்கு அதுவே காரணமாகலாம்.

ஆனி, ஆடி மேல்காற்றில் 23 மி.மீ. அகலப் பீம் வெகு விரைவில் காய்ந்துவிடும். 28 நாளும் தண்ணீரிலேயே கிடக்கட்டும். வெளியே எடுத்ததும் மேல் ஈரத்தைத் துடைத்து வார்னிஷ் பூசுங்கள். உருளைகளுக்கும் அப்படியே செய்து, பீமைச் சோதிக்கும் அன்றே அவற்றையும் உடையுங்கள்.