எம்காஸ் தேறாமலும் டிப்ளோமா உண்டா? பெற்றோர் கேள்விகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், எம்காஸ் (MCAS) என்ற மாநிலத் தேர்வில் பத்தாம் வகுப்பில் தேறினால்தான் ஹைஸ்கூல் டிப்ளோமா, அதாவது பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ், என்ற விதி, 2003-இல் படிப்பை முடித்த மாணவர்களிடமிருந்து தொடங்கியது. 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை நீக்கிவிட்டார்கள். இங்கே கணக்கு ஆசிரியையாக இருப்பதால், நம் தமிழ்ப் பெற்றோர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, அப்போ பையன் எம்காஸ் எழுதவே வேண்டாமா?

எழுத வேண்டும். மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், ஹைஸ்கூலில் ஒரு முறையும் தேர்வு வைக்கச் சொல்வது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். டிப்ளோமாவோடு இருந்த முடிச்சை மட்டும்தான் அவிழ்த்திருக்கிறார்கள்.

நாமெல்லாம் பப்ளிக் எக்ஸாம் எழுதித்தானே வந்தோம்? எல்லாருக்கும் ஒரே தேர்வு என்பதுதானே நியாயம்?

நானும் ப்ளஸ் டூ எழுதி வந்தவள்தான். முதலில் இப்படித்தான் நினைத்தேன். பல முறை எழுத வாய்ப்பு இருந்தும், பள்ளிப் பாடங்களை முடித்துவிட்டு எம்காஸால் மட்டும் டிப்ளோமா கிடைக்காதவர்கள் ஆண்டுக்குச் சுமார் 700 பேர். மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களும் மாற்றுத்திறனாளிகளும். பதினாறு வயதில் ஹைட்டியிலிருந்து வந்த ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் மளமளவென்று போடுவாள். அதையே ஒரு பத்தியாகக் கேட்டால் கை நின்றுவிடும். அவளுக்குத் தெரியாதது கணக்கா, ஆங்கிலமா? 1981-இல் ஃப்ளோரிடா வழக்கு ஒன்றில், கற்றுக்கொடுக்காததைக் கேட்டு டிப்ளோமாவை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதுதான் அளவுகோல்.

டிப்ளோமாவுக்கு மதிப்பு போய்விடாதா?

இந்தக் கவலை எனக்கும் உண்டு. இப்போது பாடத்தில் தேர்ச்சி பெற்றதாக அந்தந்தப் பள்ளி மாவட்டமே (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) சான்று தருகிறது. ஒரு ஊரின் 'தேர்ச்சி' பக்கத்து ஊரில் செல்லுமா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பொதுவான புதிய தகுதியை வகுக்க ஆளுநர் மோரா ஹீலி 2025-இல் ஒரு குழு அமைத்தார். புதிதாக எது வந்தாலும், மொழி தெரியாத பிள்ளையை அது கணக்குத் தெரியாத பிள்ளையாக எண்ணக் கூடாது.

அண்ணன் மகள் 2019-இல் முடித்தாள். எம்காஸ் தேறவில்லை.

அவள் படித்த பள்ளி மாவட்டத்தில் டிப்ளோமா தரும்படி உடனே எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். பழைய மாணவி என்று தயங்க வேண்டாம்.

டெக்சாஸுக்கு மாறுகிறோம். மகள் பத்தாவது.

அங்கே டிப்ளோமாவுக்குத் தேற வேண்டிய ஸ்டார் (STAAR) என்ற மாநிலத் தேர்வுகள் 2025 நிலவரப்படி ஐந்து: அல்ஜீப்ரா 1, இங்கிலீஷ் 1, இங்கிலீஷ் 2, பயாலஜி, அமெரிக்க வரலாறு. இரண்டு வரை தேறாவிட்டால், பள்ளியில் ஒரு குழு கூடி அவளுடைய மற்ற பாட வேலைகளைப் பார்த்து முடிவெடுக்க வழி உண்டு. இங்கே கிரெடிட் வாங்கி முடித்த பாடத்துக்கு அங்கே அந்தத் தேர்வு தேவையில்லை. அதனால் கிளம்பும் முன் முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல்) வாங்கிக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி வந்து சேர்வதற்குள் பள்ளியில் கேட்பார்கள்.