பாய்மரப் படகுக் கிளப்பில் என்னதான் நடக்கிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழகியவள் நான். இப்போதெல்லாம் படகோட்டுவதைவிடப் பந்தயத்தை நடத்துகிற பந்தயக் குழுவின் படகில் கொடியும் கடிகாரமுமாக உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். யாட் கிளப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யாட் கிளப் என்றாலே பணக்காரர்கள் கூடுகிற இடம்தானே மேடம்? நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்க முடியுமா? – அம்பத்தூர் வாசகர்

உறுப்பினர் கட்டணம் சின்னத் தொகை இல்லை, அதை மறைக்க மாட்டேன். சொந்தமாகப் படகு வாங்கினால் செலவு இன்னும் ஏறும். ஆனால் உறுப்பினராவது ஒரு வழி மட்டும்தான். பயிற்சி முகாம் இன்னொரு வழி. நேத்ரா குமணன் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில்தான் முதன்முதலில் பாய்க் கயிற்றைப் பிடித்தார். 2021-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் பாய்மரப் படகு வீராங்கனை அவர்தான். அந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன மற்ற மூவரில் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் சென்னைக்காரர்கள். விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்தவர். கிளப் மட்டும் அல்ல, ராணுவமும் கடற்படையும்கூட ஆட்களை உருவாக்குகின்றன.

இன்னும் ஒருவரைச் சொல்கிறேன். 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தைச் சேர்ந்த விவசாயி மகள். கடலே இல்லாத மாநிலம். போபாலில் ஏரியில் கற்றுக்கொண்டார். கடற்கரையை வைத்துக்கொண்டு நாம் "அது நமக்கில்லை" என்று ஒதுங்கிப் போகிறோம்.

யாட் என்றால் உள்ளே படுக்கையறை, சமையலறை எல்லாம் இருக்குமா அக்கா? – கல்லூரி மாணவர், தாம்பரம்

தம்பி, நீ நினைப்பது கோடீஸ்வரர்களின் மோட்டார் படகு. நம் ஊர் கிளப்பில் நீ பார்க்கப்போவது பெரும்பாலும் டிங்கி, அதாவது சின்னத் திறந்த பாய்மரப் படகு. சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம், வெறும் படகின் எடை 35 கிலோ. பதினைந்து வயது வரை அதில் போட்டியிடலாம். அதற்கு மேல் லேசர், இப்போதைய பெயர் இல்கா. 4.2 மீட்டர், ஒற்றை ஆள், ஒற்றைப் பாய். இல்காவில் ஒரே படகு உடலுக்கு மூன்று அளவுப் பாய் உண்டு. ஆளின் எடையைப் பார்த்துப் பாயைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கழிவறைகூடக் கிடையாது, படுக்கையறைக்கு எங்கே போவது?

காற்று அடிக்கும் திசையில் படகு போவது புரிகிறது. எதிர்க்காற்றில் எப்படிப் போகிறது? எனக்கு இது பெரிய புதிர். – ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை வரை போக முடியாத பகுதி. அந்த எல்லையை ஒட்டிச் சாய்வாகப் போய், திரும்பி, மறுபக்கம் சாய்வாகப் போய் என்று வளைந்து வளைந்துதான் மேலே ஏற வேண்டும்.

அப்படிச் சாய்வாகப் போகும்போது பாய் வெறும் தடுப்பாக நிற்பதில்லை. அது ஒரு வளைந்த இறக்கை. காற்று அதன் இரு பக்கமும் வழுக்கிப் போகையில் ஒரு பக்கம் அழுத்தம் குறைகிறது, பாய் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. இந்த இழுப்பில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில்தான் தள்ளும். அதைத் தடுப்பது அடியில் செங்குத்தாக இறங்கியிருக்கும் டேகர்போர்டு என்ற பலகை. பக்கவாட்டில் நகர முடியாமல் போனதும் மிச்சம் இருக்கிற விசை படகை முன்னே கொண்டுபோகிறது. பலகையை இறக்க மறந்து கிளம்பும் புதுப்பையன்களைப் பாருங்கள், நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருப்பார்கள்.

பாயின் இரு முகத்திலும் சின்னக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் காற்று ஒழுங்காக ஓடுகிறது. உள்பக்க நூல் துள்ளினால் காற்றுக்கு மிக நெருங்கிவிட்டோம், வெளிப்பக்க நூல் துள்ளினால் அதிகம் விலகிவிட்டோம். ஆயிரக்கணக்கில் விலை போகும் பாயில், ஓட்டுகிறவர் கண் எடுக்காமல் பார்ப்பது அந்த நூலைத்தான்.

நீச்சல் தெரியாது. வரலாமா?

அடிப்படை நீச்சல் கற்றுக்கொண்டு வாருங்கள். மிதவை அங்கி எப்போதும் உடம்பில் இருக்கும், அதனால் மூழ்க மாட்டீர்கள். ஆனால் தண்ணீரில் விழுந்ததும் பதறுகிறவருக்கு வேறு எதையும் சொல்லித்தர முடியாது. படகு கவிழ்வது விபத்தல்ல, பாடத்திட்டத்தில் இருக்கிறது. முதல் வாரமே வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வார்கள். நீந்திச் சுற்றி வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டேகர்போர்டைப் பிடித்து, அதன்மேல் ஏறி நின்று பின்னால் சாய்ந்தால் பாய் மெதுவாகத் தண்ணீரை விட்டு எழும். ஆப்டிமிஸ்ட் என்றால் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும். அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்று கயிற்றில் கட்டியிருக்கும், அதால் மொண்டு கொட்ட வேண்டியதுதான். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எது நடந்தாலும் படகை விட்டு நீந்தி வராதீர்கள். மீட்புப் படகின் கண்ணுக்கு உங்கள் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும்.

சென்னையில் எந்த மாதம் நல்லது? என் பெண்ணை மே மாதம் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். – அண்ணாநகர் அம்மா

சேருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் வாக்கில் கடல்காற்று வந்துவிடும். நிலம் சூடாகி மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்ப, கடலிலிருந்து வருவது. முதலில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து எழுந்து, நேரம் ஆக ஆகத் தெற்கே திரும்பும். (இப்படித் திரும்புவதால்தான் நாங்கள் பந்தயத்தின் நடுவே பாதையைக் காட்டும் மிதவைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். நங்கூரத்தை இழுத்து இழுத்துக் கை போய்விடும்.)

ஜூன், ஜூலையில் கதை வேறு. மேற்கிலிருந்து கச்சான் வலுவாக அடித்துக் கடல்காற்றை உள்ளே விடாது. கடல்காற்று எப்போது வரும் என்று ஊரே வானிலை அறிக்கையைப் பார்க்கும் நாட்களில் நாங்களும் படகைப் பூட்டி வைத்துக்கொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருப்போம். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இந்த மேற்குக் காற்று அடிக்கும்போது கரையோரம் தண்ணீர் கண்ணாடி போல அமைதியாகத் தெரியும். ஆனால் கிழக்குக் கடற்கரையில் அந்தக் காற்று உங்களைக் கடலுக்குள் தள்ளுகிற காற்று. போவது சுலபம், திரும்புவதுதான் வேலை. புதிதாகக் கற்பவர்களை அந்த நேரத்தில் அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்வோம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை, மழை, புயல். எண்ணூரிலிருந்து நாகை வரை கூண்டு ஏற்றும் செய்தி டிவியில் வருமே, அந்தக் கூண்டு எங்களுக்கும்தான். ஒன்றாம் எண் ஏறினாலே கடலுக்குப் போவதில்லை. பாயைக் கழற்றி, பாய்மரத்தைச் சாய்த்து, டிங்கிகளைத் தரையோடு கயிறு போட்டுக் கட்டுவோம். 2016 வர்தா மாதிரி ஒரு காற்றுக்கு 59 கிலோ லேசரெல்லாம் எம்மாத்திரம்? ஜனவரி, பிப்ரவரி பெரியவர்களுக்கு நல்ல காலம்.

பந்தயத்தை எப்படித் தொடங்குகிறீர்கள்? படகுகளை ஒரு கோட்டில் நிறுத்தி வைக்க முடியாதே?

முடியாது. அதனால்தான் ஐந்து நிமிடக் கணக்கு. பந்தயக் குழுப் படகின் கொடிமரத்துக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது எந்த வகைப் படகுக்கான பந்தயம் என்று காட்டும் வகுப்புக் கொடி ஏறும், நான்கில் வெள்ளைச் சதுரம் போட்ட நீலக் கொடி ஏறும், ஒன்றில் அந்த நீலக் கொடி இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடியும் இறங்கும். இந்த நேரம் முழுக்க எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே, கடைசி நொடியில் முழு வேகத்தில் கோட்டைத் தாண்டப் பார்ப்பார்கள். முன்பே தாண்டியவருக்கு நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி. அவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். ஹாரனும் ஊதுவோம், ஆனால் கணக்கு கொடிக்குத்தான். ஹாரன் பேட்டரி தீர்ந்து ஊமையானாலும் பந்தயம் செல்லும்.

நடுக்கடலில் யார் முதலில் போவது என்று சண்டை வராதா?

வராமலா! காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு வருகிற படகுக்கே வழி. இடப்பக்கம் வாங்குகிறவர் ஒதுங்க வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கம் என்றால் காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்க வேண்டும். "ஸ்டார்போர்ட்!" (எனக்குக் காற்று வலப்பக்கம்) என்று பத்து வயதுப் பொடியன் தொண்டை கிழியக் கத்தினால், எதிரே வருவது அவன் கம்பெனி முதலாளி அப்பாவே ஆனாலும் விலகியாக வேண்டும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

கடலில் நடுவர் கூடவே வருவதில்லை. தவறு செய்தவர் தானாகவே படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையை முடித்துக்கொள்ள வேண்டும். சுற்றாவிட்டால் மற்றவர் "புரோட்டெஸ்ட்" என்று கத்துவார், கரைக்கு வந்ததும் எழுத்தில் புகார், விசாரணை, சாட்சி எல்லாம் உண்டு. உப்புக் குப்பியும் கப்பும் மிளகுக் குப்பியும் படகுகளாகி கிளப் மேஜையில் நகர்ந்துகொண்டிருந்தால், அருகில் ஏதோ ஒரு புகார் பேசப்படுகிறது என்று அர்த்தம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பாய்மரம் என்றால் எப்போதும் முன்னுரிமை என்ற எண்ணத்தைச் சரக்குக் கப்பலிடம் காட்டாதீர்கள். குறுகலான கால்வாயில் அதற்கு வழிவிட வேண்டியது நாம்தான். சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான்.

எனக்கு ஓட்டத் தெரியாது, கணவருக்குத்தான் ஆசை. நான் வந்து என்ன செய்வது? பார்ட்டிதானா? – வேளச்சேரி

பரிசளிப்பு இரவு, புத்தாண்டு விருந்து, குழந்தைகளுக்கு விளையாட்டு எல்லாம் எல்லாக் கிளப்பிலும் உண்டு. தலைவருக்குக் கமடோர் என்று பெயர், பரிசு கொடுத்துப் பேசுவார், பேச்சு நீளும். அது கிடக்கட்டும். நீங்கள் பந்தயக் குழுப் படகுக்கு வாருங்கள். பத்துப் படகுகள் கொத்தாக முடிவுக் கோட்டைத் தாண்டும்போது ஒருவர் பாய் எண்ணைச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் போனில் குரலைப் பதிவு செய்ய வேண்டும். கண் கூர்மையும் நிதானமும் போதும். மிகச் சிறந்த எழுத்தர்களில் பாதிப் பேர் தாங்களாக ஒருநாளும் படகு ஓட்டியதில்லை.

நட்பு வளர்வது விருந்தில் அல்ல என்பது என் கட்சி. படகு கரையேறியதும் எல்லோரும் சேர்ந்து தள்ளுவண்டியில் இழுத்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, பாயை உலர்த்திச் சுருட்டுகிற அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பேச்சு, கிண்டல், டீ எல்லாம். கழுவாமல் நழுவுகிறவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மீனவர்களோடு தகராறு வருமா? – காசிமேடு

வலை மிதவைகளைப் பார்த்து ஒதுங்கினால் வராது. வலைமேல் படகை விட்டால் டேகர்போர்டில் சிக்கி அவர்களுக்கும் நஷ்டம், நமக்கும் அவமானம். காற்று மாறப்போவதை அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பதும் தெரிகிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த விளையாட்டில் இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டும். ஐதராபாத் ஹுசைன் சாகர் ஏரியில் வசதியில்லாத பிள்ளைகளை எடுத்துப் பழக்கி தேசியப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். இங்கே அந்த வேகம் போதாது.

சென்னைக் கிளப் எவ்வளவு பழையது?

ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. தொடங்கியவர் அப்போதைய துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த ஆண்டு அவர் அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன். கணித மேதைக்கு இங்கிலாந்து வழி திறக்க உதவியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர்.

படகிலேயே புதுச்சேரி போகலாமா?

டிங்கியில் வேண்டாம். அடியில் கனமான கட்டை நிரந்தரமாகப் பொருத்திய பெரிய படகில், அதாவது கீல் படகில் போகலாம். சுமார் 75 கடல்மைல். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல்மைல்) வேகம் கிடைத்தால் 15 மணி நேரம், அதாவது ஒரு இரவு கடலில். விளக்கு, ரேடியோ, துறைமுக அனுமதி, விழித்திருக்க இரண்டு ஆள் வேண்டும்.

முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு வரணும் அக்கா?

முழுக்கைச் சட்டை, கழுத்து மூடும் தொப்பி, சட்டையில் மாட்ட அதற்கு ஒரு நாடா, பழைய கேன்வாஸ் ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்று உடை. துறைமுக வளாகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் அடையாள அட்டை கட்டாயம். ஒரிஜினலைக் கொண்டு வாருங்கள். போனில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் வாயிற்காவலர் திருப்பி அனுப்பிவிடக்கூடும், உங்களுக்காகக் காற்று காத்திருக்காது.